ஜூலையில் தோற்கிற டீம்

வணக்கம் நேயர்களே.

ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம். 1905இல் அந்தத் தேதியில் பிறந்த தியான்சந்த் நினைவாகக் கொண்டாடுவது. அதையொட்டி ஹாக்கி பற்றிக் கொஞ்சம் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். ஆடினவர்கள் இத்தனை பேர் இருக்க என்னைக் கேட்டதில் எனக்கே ஆச்சரியம். நான் ஹாக்கி ஆடியவள் அல்ல. புதுச்சேரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். விளையாட்டுப் பையன்கள் ஓ.டி. கேட்டு வந்து நிற்கிற மேசை என்னுடையது. போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப் பதிவு போட்டுத் தருவதைத்தான் ஓ.டி. என்பார்கள். படிவத்தில் எந்த ஊர், என்ன போட்டி, எத்தனை நாள் எல்லாம் இருக்கும். நாக்-அவுட் போட்டிக்கு மூன்று நாள் ஓ.டி. வாங்கிக்கொண்டு கிளம்பிய டீம் மறுநாள் காலையிலேயே வகுப்பில் உட்கார்ந்திருந்தால், என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. அந்தப் படிவங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ரசிகை ஆனேன். ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலம் மைதானத்துப் பக்கம் போவது நிற்கவில்லை.

கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற கல்லூரிக்காரர்கள், இந்த அம்மா ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறார் என்பார்கள். ஒருதலைப்பட்சமாகத்தான் பேசப் போகிறேன்.

இந்த ஊரில் ஹாக்கிக்கு ரசிகராக இருப்பது கொஞ்சம் தனிமையான வேலை. பிரெஞ்சுக்காரர்கள் கால்பந்தையும், இரும்புக் குண்டை எறிந்து ஆடுகிற பெத்தாங்கையும் விட்டுவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த காலி இடத்தையெல்லாம் கிரிக்கெட் எடுத்துக்கொண்டது. ஹாக்கிக்குக் கிடைப்பது மாலையில் ஒன்றரை மணி நேரமும், கிரிக்கெட் பிட்ச்சை மிதிக்காதே என்ற எச்சரிக்கையும்தான்.

அதைவிடப் பெரிய சங்கடம் எங்கள் காலண்டர். ஜூனில் கல்லூரி திறக்கிறது. முதலாமாண்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்து, யாருக்கு ஸ்டிக் பிடிக்கத் தெரியும் என்று கண்டுபிடிப்பதற்குள் ஜூலை பாதி போய்விடும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் செமஸ்டர் தேர்வு. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் இங்கேதான் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்புறம் மைதானம் காய்ந்து, புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போடுவதற்குள் எல்லாருக்கும் ஹாக்கியே மறந்துபோயிருந்தது. மற்ற ஊர்களில் சீசனின் தொடக்கம் என்று சொல்கிறார்களே, எங்களுக்கு அதுதான் முக்கால் சீசன். பூஜை விடுமுறைக்குள் டீம் உருவாகவில்லை என்றால் அந்த ஆண்டு உருவாகாது.

அதனால் ஜூலை, ஆகஸ்ட் ஆட்டங்களை நான் ஸ்கோருக்காகப் பார்ப்பதில்லை. அந்த மாதங்களில் நாங்கள் தோற்போம். வழக்கமாகவே தோற்போம். கல்லூரி டீமுக்கு ஒரு சாபம் உண்டு. மூன்றாமாண்டு முடிந்ததும், நன்றாக ஆடுகிறவன், சுமாராக ஆடுகிறவன் என்று பார்க்காமல் எல்லாரையும் சான்றிதழோடு அனுப்பிவிடுவோம். அந்தச் சான்றிதழை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஏப்ரலில் பதினொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் கொடுத்த டீம், ஜூலையில் ஒருவன் பெயர் இன்னொருவனுக்குத் தெரியாமல் “டேய் சட்டை, டேய் சட்டை” என்று கத்திக்கொண்டு ஓடும்.

இந்த ஆண்டு முதல் நட்பு ஆட்டம் கடலூர் டீமோடு. நான்கு கோல் வாங்கினோம், ஒன்று போட்டோம். நான்கு வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் டீமில் போன வருடத்து ஆட்கள் அப்படியே இருந்தார்கள். என்னை உறுத்தியது வேறு. எங்களுக்கு ஏழு பெனால்டி கார்னர் கிடைத்தது. ஏழிலும் ஒன்றுமில்லை. போட்ட அந்த ஒரு கோலும் கூட்டத்தில் யாரோ காலருகே தட்டிவிட்டது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கோல் முன்னால் அரைவட்டமாக இருக்கிற இடத்தை டி என்பார்கள். அதற்குள் எதிரணி தப்பு செய்தால் நமக்குப் பெனால்டி கார்னர். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். டி-யின் விளிம்புக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். மூன்றாமவர் அடிப்பார். எதிர்ப்பக்கம் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்கலாம், மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்க வேண்டும். அதாவது, எழுதிப் போட்டுக் கொடுத்த வாய்ப்பு. முதல் ஷாட் ஸ்டிக்கை ஓங்கி அடிக்கிற ஹிட்டாக இருந்தால், கோலுக்குள் இருக்கிற பலகையின் உயரமான 46 சென்டிமீட்டருக்கு மேலே பந்து போகக் கூடாது. ஓங்காமல் பந்தைத் தள்ளித் தூக்கிவிடுகிற ஃபிளிக் செய்தால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது, மேல் மூலையிலும் போடலாம். பந்தை ஸ்டிக்கோடு தரையில் இழுத்து வந்து ஃபிளிக் செய்கிற டிராக் ஃபிளிக்குக்கு இத்தனை மவுசு வந்தது இந்த வித்தியாசத்தால்தான்.

ஏழு கார்னர் வீணானதும் வேலியோரம் நின்றவர்கள் எல்லாம் அடித்த பையனைத் திட்டினார்கள். பாவம், மூன்றாமாண்டுப் பையன், போன வருடம் அதே இடத்தில் நின்று அதே மாதிரி அடித்து கோல் மேல் கோல் போட்டவன். அவன் கை மாறவில்லையே, பிறகு என்ன ஆயிற்று? போன வருடம் அவனுக்குப் பந்தை நிறுத்திக் கொடுத்த ஸ்டாப்பர் இப்போது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். கோல் போட்டவன் பேர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பந்தை நிறுத்தியவன் பேரை டீம் போட்டோவின் பின்னால் பார்த்துத்தான் சொல்வார்கள். அவன் போன பிறகுதான் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதே தெரிகிறது.

எங்கள் மைதானம் மண் தரை. அங்கங்கே புல் கொஞ்சம். பின்கோட்டிலிருந்து தள்ளின பந்து நேராக வருவது போல வந்து கடைசி அடியில் ஒரு குதி குதிக்கும். அதை ஸ்டிக்கின் தட்டைப் பக்கத்தால் சாவடித்து நிறுத்த வேண்டும். அரை அங்குலம் உருண்டாலும் அடிப்பவன் கணக்கு தப்பிவிடும். புதிதாக அங்கே நிறுத்தியிருந்தவன் ஃபார்வர்டு, முன்வரிசை ஆட்டக்காரன். பந்து வந்தால் உடனே அதை எங்காவது கொண்டுபோக வேண்டும் என்று அவன் கைக்கு அரிப்பு. அந்த இடத்துக்கு அரிப்பில்லாத கை வேண்டும்.

இதில் எங்கள் பி.டி. சாரோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அவர் பெரிய மனசுக்காரர், இதைக் கேட்டாலும் கோபிக்க மாட்டார். பையன்களுக்கு டிராக் ஃபிளிக் வேண்டும் என்கிறார் அவர். அவர் மேலும் தப்பில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் போட்டார். வெண்கலப் பதக்க ஆட்டத்தில் ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்தபோது அந்த இரண்டும் அவர் போட்டதுதான், இரண்டும் பெனால்டி கார்னர். அதைப் பார்த்த எந்தப் பையன் ஸ்டிக்கைத் தரையோடு இழுத்துப் பார்க்காமல் இருப்பான்? ஆனால் ஹர்மன்பிரீத் நிற்பது தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில். எங்கள் மண்ணில் ஸ்டிக்கோடு பந்தை ஒரு மீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்தால் வழியில் எத்தனை கூழாங்கல்! எங்களுக்குத் தாழ்வாக ஒரு நேர் அடி போதும். பலகையில் பட்டு ‘டொம்’ என்று சத்தம் வர வேண்டும். அதுவும் சரிவரவில்லையா, நிறுத்தினவனே பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு சின்ன சிலிப் பாஸ். ஓடிவருகிற டிஃபென்ஸ் பையன் நேர்க்கோட்டில்தான் வருவான், பந்து இரண்டு கஜம் தள்ளிப் போனாலே அவன் ஓட்டம் வீண்.

மண்ணைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நம் நாட்டு ஹாக்கி முழுக்க மண்ணிலும் புல்லிலும் வளர்ந்ததுதான். 1975 மார்ச் 15, கோலாலம்பூரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்தோம், வெற்றிக் கோல் தியான்சந்தின் மகன் அசோக் குமார் போட்டது. இதை நான் இதே வானொலியில்தான் கேட்டேன், ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. அவர் குரல் எகிறினால் நமக்கு நல்லது, இறங்கினால் கெட்டது என்று அப்பா மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டே மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. உலகக் கோப்பை ஜெயித்த நாடு அங்கே ஏழாவது இடம். 1980 மாஸ்கோவில் நம் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியதோடு சரி, அப்புறம் ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2021வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடு பட்ட பாட்டை எங்கள் பையன்கள் ஒவ்வொரு ஆண்டும் சின்ன அளவில் படுகிறார்கள். மண்ணில் பழகிவிட்டு, போட்டிக்கு என்று டர்ஃப், அதாவது செயற்கைத் தரை, இருக்கிற ஊருக்குப் போவார்கள். முதல் கால் மணி நேரம் பந்து இவர்கள் ஸ்டிக்குக்கு முன்னாலேயே ஓடிப்போகும். மண்ணில் பந்து குதிக்கும் என்று நிமிர்ந்து நின்று பழகியவர்கள், டர்ஃபில் முழங்காலை மடக்கித் தரையோடு தரையாக இருக்க வேண்டும். அது உடம்புக்குப் புரிவதற்குள் இரண்டு கோல் விழுந்திருக்கும். திரும்பி வந்து, “அம்மா, அங்கே பந்து வழுக்குது” என்பார்கள்.

அப்படியும் ஆள் வராமல் இல்லை. விருத்தாசலம் தாண்டினால் அரியலூர். அந்த ஊர்ப் பையன் கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில், இந்தியாவுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே, பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார். கோவில்பட்டி மாரீஸ்வரனும் அந்த அணியில் இருந்தார். மறு ஆண்டு சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. இறுதியில் மலேசியாவிடம் பாதியில் 1-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என்று ஜெயித்தோம். எங்கள் கல்லூரியிலிருந்து சில பையன்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பையன்கள் எல்லாம் படித்து முடித்துப் போய்விட்டார்கள், கதை மட்டும் டீமில் தங்கிவிட்டது. இப்போது பாதி ஆட்டத்தில் இரண்டு கோல் பின்தங்கினால், “மலேசியா ஸ்கோர்டா” என்று ஒருவனை ஒருவன் தட்டிக்கொடுத்துச் சிரிக்கிறார்கள். எனக்குத்தான் வயிறு கலங்குகிறது.

கோல்கீப்பர் சமாசாரம் தனி. ஒரு கோல்கீப்பர் செட் வாங்குகிற பணத்தில் டீமுக்கே மர ஸ்டிக் வாங்கிவிடலாம். அதனால் எந்த அலுவலகத்திலும் அந்தக் கோப்பு மெதுவாகத்தான் நகரும், நானும் அந்த மேசைப் பக்கம் இருந்தவள்தான். பேட் பழசு, வார் அறுந்து கயிறு கட்டியிருக்கிறது. இப்போதைய கோல்கீப்பர் இரண்டாமாண்டு. அந்தப் பேட் யாருக்குச் சரியாக இருக்கிறதோ அவன்தான் கீப்பர் என்று தேர்வானவன். நம்பினால் நம்புங்கள், டீமிலேயே நல்ல ஆட்டம் அவனுடையது. கடலூர் ஆட்டத்தில் அவன் இல்லாவிட்டால் எட்டு வாங்கியிருப்போம். முன்னால் நிற்கும் ஃபுல் பேக்குகளை ஓயாமல் கத்தி நகர்த்திக்கொண்டே இருப்பான். வகுப்பில் வாயே திறக்க மாட்டானாம்.

பெண்கள் டீம் பற்றியும் கேட்பீர்கள். ஒன்பது பேர் வருகிறார்கள். பதினோராவது பெண்ணைத் தேடி இரண்டு வருடமாக விடுதி வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். பத்தாவது பெண் கிடைத்தால் சொல்கிறேன்.

ஆகஸ்டில் டீம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து முதலாமாண்டில் ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். பள்ளியில் ஹாக்கி ஆடியவன், மைதானத்தின் நடுவில் ஆடுகிற சென்டர் ஹாஃப். ஓட்டம் பெரிதாக இல்லை, ஆனால் பந்து ஸ்டிக்கில் பட்டால் ஒட்டிக்கொள்கிறது. முதல் இரண்டு வாரம் பி.டி. சார் அவனை ரைட் அவுட்டில், அதாவது முன்வரிசையின் வலது ஓரத்தில், ஓடவிட்டுப் பார்த்தார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை, வேலியோரம் நின்று முணுமுணுத்தேன். யார் சொன்னார்களோ, போன வாரம் கார்னருக்கு அவனை ஸ்டாப்பராக நிறுத்தினார். மூன்று கார்னர். மூன்றிலும் பந்து செத்து நின்றது. ஒன்றில் கோல். எல்லாரும் திட்டிய அந்த மூன்றாமாண்டுப் பையன்தான் அடித்தான். கோல் விழுந்ததும் நேராக ஸ்டாப்பரிடம் ஓடிப்போய் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டான். பழைய ஸ்டாப்பருக்கு அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம், இரண்டுக்கு ஒன்று. அடுத்து முதல் இன்டர்னல் தேர்வு. அந்த வாரம் பயிற்சிக்கு ஆறு பேர் வந்தாலே அதிகம். அது முடிந்ததும் சிதம்பரத்து டீம் இங்கே வருகிறது. நல்ல டீம், லெஃப்ட் அவுட் ஆள் மின்னல் மாதிரி இருப்பான். எங்கள் ரைட் ஹாஃப் அவனோடு ஓடி ஜெயிக்க முடியாது, முன்கூட்டியே போய் நின்றால்தான் உண்டு. எனக்கென்னவோ இதுவும் தோல்விதான் என்று படுகிறது. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றால் செப்டம்பரில் ஜெயிக்கத் தொடங்குவோம்.

மாலை நான்கு மணிக்கு ஆட்டம். டிக்கெட் கிடையாது. எந்தக் கல்லூரி என்று நான் சொல்லவில்லை, ஊருக்குள் விசாரித்தால் தெரிந்துவிடும். வந்தால் கோல் பக்கம் போய் நில்லுங்கள், அங்கே மரநிழலும் இருக்கிறது. கார்னர் கொடுத்ததும் எல்லாரும் அடிக்கிறவனைப் பார்ப்பார்கள். நீங்கள் அவனுக்கு முன்னால் குனிந்து நிற்கிற சின்னப் பையனைப் பாருங்கள்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.