தச்சனுக்கு ஒரு பனை விட்டு வையுங்கள்

(சாயல்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதும்போது கொஞ்சம் நீண்டுவிட்டது.)

தலைமையாசிரியர் அம்மா அவர்களே, காலையிலிருந்து வெயிலில் நின்று பந்தல் போட்ட பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, ஊராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் நாற்பது நிமிடம் பேசிவிட்டு எனக்குப் பத்து நிமிடம் மிச்சம் வைத்த அண்ணன் அவர்களே, பின்னால் நின்றுகொண்டே இருக்கும் பனையேறி ஐயாக்களே (அவர்களுக்கு யாராவது நாற்காலி போடுங்கப்பா), பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி, ஆனால் இந்தப் புழுக்கத்தில் இரண்டாவது வேண்டாம்.

காட்டு மரங்கொத்தியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உருவம், இருப்பிடம், பழக்கம், மூன்றையும் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய கருப்பு மரங்கொத்தி என்று ஒன்று உண்டு. காக்கையை விடப் பெரிசு, கிட்டத்தட்ட ஒன்றரை அடி. உடம்பு கருப்பு, வயிறு வெள்ளை. ஆணுக்கு உச்சி முழுக்கச் சிவப்பு, பெண்ணுக்குப் பின்னந்தலையில் மட்டும். அது தட்டுகிற சத்தம் காட்டுக்குள் வெகுதூரம் கேட்கும். அதற்கு வயசான பெரிய மரம் வேண்டும், பட்டுப்போன மரமும் வேண்டும். சரி, அது மலைக்காரன். நம்ம கடற்கரைக்கு வராது.

நம்மிடம் இருப்பது பொன்முதுகு மரங்கொத்தி. முதுகில் மஞ்சள் பூசிக்கொண்டு, சிவப்புக் கொண்டையோடு, கத்திக்கொண்டே பறக்குமே, அதுதான். முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், முட்டுக்கொடுக்க விறைப்பான வால். நம்ம பனையேறி ஐயா கால் தளையை மாட்டி, மரத்தில் மார்பைச் சாய்த்து ஏறுவதைப் பாருங்கள், அதே ஏற்பாடுதான். நாக்கு ரொம்ப நீளம், அதன் எலும்பு மண்டையைச் சுற்றிப் போகிறது. எறும்பும் வண்டுப்புழுவும் அதற்குச் சாப்பாடு.

“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். மரத்தைக் குடைகிற மரங்கொத்தியும் ஒரு தச்சன்தானே. மலையில் இருப்பவன் பல மரம் கண்ட தச்சன். நம்ம ஊர்த் தச்சன் என்ன கண்டான்? எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமைக்கருவேல். கை பருமன்கூட இல்லாத அந்தத் தூரில் எங்கே பொந்து குடைவது? மிச்சம் இருப்பது பனைதான்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு மொட்டைப்பனை, அதில் ஒரு பொந்து. கிளிக்குஞ்சு பிடிக்கலாம் என்று, சித்தப்பா பதநீர் இறக்கிவிட்டு வந்து அசந்த நேரம் பார்த்து, அவருடைய தளையை எடுத்துக்கொண்டு ஏறினேன். பொந்தில் கையை விடப்போனால் உள்ளே ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைச்சல். பாம்பு! தளையாவது ஒன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு சறுக்கினேன். கீழே வந்து பார்த்தால் மார்பில் தோல் இல்லை. அம்மா வேப்பெண்ணெயைத் தடவினாள், அப்புறம் அதே கையால் முதுகில் நாலு வைத்தாள். சாயங்காலம் சித்தப்பா ஏறி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பாம்பு இல்லடா, தச்சன் குஞ்சு. தீனி கேட்டுக் கத்துது.” அவரும் கையை விடவில்லை, அப்படியே இறங்கிவிட்டார். மறுவருசம் அதே பொந்தில் கிளி வந்தது, அதற்கப்புறம் புள்ளி ஆந்தை. கட்டினவன் வாடகை கேட்காத வீடு அது.

அந்தப் பனை இப்போது இல்லை, செங்கல் சூளைக்குப் போய்விட்டது. மொட்டைதானே, காய்க்காதே, என்று விலை பேசிக் கொடுத்துவிட்டார்கள். பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதற்கப்புறமும் ராத்திரியில் லாரி போகிற சத்தம் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது, உங்களுக்கும் கேட்கும். காய்க்கிற பனைக்காவது கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டில் ஆள் பேசும், மொட்டைப்பனைக்கு யார் பேசுவது? அதனால்தான் போகிற மேடையெல்லாம் நான் இதையே பேசுகிறேன். வடலி நடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்று போட்ட விதை மரமாகிப் பொந்து தாங்க எத்தனை வருசம்? அதுவரை நம்ம தச்சன் எங்கே போவான்? பல மரம் கண்டவனுக்குத்தான் எதை வெட்டுவது என்ற குழப்பம், இவனுக்கு இருப்பதே ஒரே மரம்.

பழக்கத்தைச் சொல்லாமலே மணி அடித்துவிட்டார்கள். பரவாயில்லை, ஒரே ஒரு கோரிக்கை. இந்தப் பள்ளிக்குப் பின்னால் இரண்டு மொட்டைப்பனை நிற்கிறது. வரும்போது பார்த்தேன், தெற்கே உள்ளதில் புதுப் பொந்து, அடியில் மரத்தூள் கிடக்கிறது. சுற்றுச்சுவர் அந்த வழியாகத்தான் வருகிறதாம். தலைவர் அவர்களே, சுவரை நாலடி வளைத்துக் கட்டச் சொல்லுங்கள். செங்கல் கூடுதலாக ஆனால் அந்தச் செலவு என்னுடையது.

மைக்கைக் கேட்கிறார்கள். தந்துவிடுகிறேன்.