தொற்றுக் காலத்தில் தீம் பார்க்: வேன் முதல் வேவ் பூல் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

தொற்று அலை அடிக்கிற நேரத்தில் பிள்ளைகள் தீம் பார்க் போகணும் என்று நச்சரித்தால், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். அதனால், போவதென்றால் எப்படிப் போவது என்று பேசலாம். 2020 முதல் 2022 வரை கொரோனா கற்றுக்கொடுத்ததை வைத்துச் சொல்கிறேன். காற்றில் பரவுகிற மற்றக் காய்ச்சல்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாரும் பயப்படுவது ராட்டினத்தின் கைப்பிடிக்கு. பயப்பட வேண்டியதோ வேனுக்கு. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் சொச்சம். அதையும் தாண்டி, பரவையில் இருக்கிற அதிசயம் பார்க்குக்குப் போய்ச் சேர நாலு மணி நேரமாவது ஆகும். போக வர எட்டு மணி நேரம், கண்ணாடி ஏற்றி ஏசி போட்ட டிராவலரில் பன்னிரண்டு பேர். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை வைத்துப் பாருங்கள், பரமக்குடி வருவதற்குள் டிரைவர் மூக்கைப் பிடிப்பார். மூச்சுக்காற்றும் அப்படித்தான் சுற்றுகிறது. வாசம் இல்லாததால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஏசி பொத்தான்களில் ஒன்றில், வண்டிப் படத்துக்குள் அம்புக்குறி வளைந்து திரும்புவது போல் போட்டிருக்கும். அது உள்காற்றையே சுற்றவிடுவது. அதை அணைக்கச் சொல்லுங்கள். குளிர் குறையும் என்பார் டிரைவர், குறையும்தான், பரவாயில்லை. முன்னால் இடது பக்க ஜன்னலையும் பின்னால் வலது பக்க ஜன்னலையும் நாலு விரல் இறக்குங்கள். காற்று குறுக்கே ஓடி வெளியேறும். மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்தி, எல்லாக் கதவையும் ஐந்து நிமிடம் திறந்து போடுங்கள். கட்டுச்சோற்றை மரத்தடியில் இறங்கிச் சாப்பிடுங்கள். ஓடுகிற வேனுக்குள் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிப் புளியோதரை சாப்பிட்டால் மற்ற எச்சரிக்கையெல்லாம் வீண்.

அடுத்தது, எந்த நாள். நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு கரையில், பிள்ளைகள் லீவில். ஊர் உலகம் முழுக்க லீவில் இருப்பதும் அப்போதுதான். ஆனால் விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு: ஆபீஸ் போகிறவர்களைப் போல ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செவ்வாய் அல்லது புதன் போங்கள். வரிசை நீளம் பாதியானால் பக்கத்து ஆளின் மூச்சில் நிற்கிற நேரமும் பாதி.

பணம் கட்டுவதற்கு முன் பார்க்குக்கு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அன்றைக்கு எத்தனை பேருக்கு டிக்கெட் விடுகிறார்கள்? எந்தெந்த ரைடு ஓடவில்லை? தொற்றுக் காலத்தில் ஆள் குறைவு என்று பல ரைடுகளை நிறுத்திவிட்டு முழு டிக்கெட் வாங்குவதும் உண்டு. கேட்டில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா? அதை எழுத்தில், மெசேஜாக வாங்கிக்கொள்ளுங்கள். உடையும் முக்கியம். பருத்தித் துணி, ஜீன்ஸ், புடவையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான் கேட்பார்கள். வாடகை உடை வாங்குகிற இடத்தில் நெரிசல் அதிகம், வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. உடல் முழுக்க மூடுகிற நைலான் நீச்சலுடை போடுகிற பெண்கள், அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்குப் போய் வாதாடினால் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

கேட்டில் துப்பாக்கி போன்ற கருவியால் சூடு பார்ப்பார்கள். அது அளப்பது நெற்றித் தோலின் சூட்டைத்தான். வெயில் பக்க ஜன்னலோரம் தூங்கிவந்த பிள்ளைக்குக் கூடுதலாகக் காட்டும். நெற்றியைத் துடைத்துவிட்டு, பத்து நிமிடம் நிழலில் நிறுத்தி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். காலையிலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் சிரப் கொடுத்து அழைத்துவருவது வேறு கதை. நாலைந்து மணி நேரத்தில் மருந்து இறங்கிவிடும். நடுப்பகலில், தண்ணீருக்குள், காய்ச்சல் திரும்ப ஏறும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பயணம் ரத்து. இதை முதல் நாளே வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்; காலை நாலு மணிக்கு வேன் வாசலில் நிற்கும்போது யாருக்கும் மனசு வராது.

உள்ளே போனதும் கடைக்கோடியில் இருக்கிற ரைடிலிருந்து தொடங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் கூட்டம் கேட்டுப் பக்கமே தேங்கி நிற்கும். பேய் வீடு, இருட்டுத் தியேட்டர் போன்ற மூடிய அறைகளை விட்டுவிடுங்கள். திறந்தவெளி ராட்டினங்களில் ஆபத்து குறைவு, ஆனால் கத்தும்போது எச்சில் துளி தூரம் தெறிக்கும். 2020இல் ஜப்பானில் பார்க்குகளைத் திறந்தபோது ரோலர் கோஸ்டரில் கத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மனசுக்குள் கத்துங்கள் என்று ஒரு பார்க் வீடியோவே போட்டது. நம் பிள்ளைகளிடம் அது நடக்குமா, தெரியவில்லை! வரிசையில் காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள். வீசுவது மேற்கிலிருந்து வரும் கச்சானா, கிழக்கிலிருந்து வரும் கொண்டலா என்று தோலிலேயே அறிகிற கடற்கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாட்டு ஹாலுக்குப் பதினொன்றரைக்கே போங்கள், இல்லாவிட்டால் இரண்டரைக்கு மேல்.

தண்ணீர் விளையாட்டுக்கு வருவோம். ஒழுங்காகக் குளோரின் போட்ட நீரின் வழியாகக் கொரோனா பரவியதாகச் சான்று இல்லை. லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின், அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 என்று இருந்தால் சரி. குளோரின் நெடி மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேரும்போதுதான் அந்த நெடி கிளம்புகிறது. நெடி தூக்கலாக இருந்தால் அந்தக் குளத்தில் இறங்க வேண்டாம்.

சிக்கல் தண்ணீரில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிற காற்றில். செயற்கையாக அலை எழுப்புகிற வேவ் பூலில் மணி அடித்ததும் மொத்தக் கூட்டமும் ஓடிவந்து இறங்கும், தோளோடு தோள் இடிக்கும், எல்லாரும் கூவுவார்கள். ரெயின் டான்ஸிலும் அதே கதை. மாஸ்க் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கவே கூடாது. நனைந்த துணி மூச்சை அடைக்கும். சறுக்கு விளையாட்டுகள் தேவலை, ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள்.

எல்லாவற்றையும் விட மோசமான இடம் உடை மாற்றும் அறை. மூடிய அறை, ஈரம், யார் முகத்திலும் மாஸ்க் இருக்காது. அங்கே கூட்டம் சேருவதற்கு முன் உடை மாற்றிவிட, அரை மணி முன்னதாகக் கிளம்பிவிடுங்கள். ஆளுக்கு நாலு மாஸ்க், ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் கவரில். குளித்த பிறகு போடுவது கட்டாயம் காய்ந்ததாக இருக்க வேண்டும். சானிடைசரில் 60 சதவீதமாவது ஆல்கஹால் இருக்கட்டும். சன்ஸ்கிரீனோ தேங்காய் எண்ணெயோ பிசுபிசுக்கும் கையில் அது சரியாக வேலை செய்யாது, சோப்புதான் வேண்டும்.

பையில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை இரண்டு நாளுக்குக் கூடுதலாக வையுங்கள், நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாமலும் போகலாம். 2021 அக்டோபர் 31 அன்று ஷாங்காய் டிஸ்னிலேண்டில், முந்தைய நாள் வந்துபோன ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களைப் பரிசோதித்த பிறகே வெளியே விட்டார்கள். சோதிக்கப்பட்டவர்கள் 33,000 பேருக்கு மேல்.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசி வாரம் வரை ஊர் சுற்றலைத் தள்ளிப்போடாதீர்கள். 2021இல் துபாய்க்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று கேட்டார்கள். பாசிட்டிவ் என்றால் விமானம் போச்சு. பார்க்குக்குப் போவதற்கும் விமானத்துக்கும் இடையில் இரண்டு வாரமாவது இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் பாட்டி, தாத்தாவோடு ஐந்து நாள் ஒரே அறையில் படுக்காதீர்கள். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் வீட்டிலேயே தொற்றுப் பார்க்கிற கிட்டில் சோதித்துக்கொள்ளுங்கள். கோடு பார்க்க அதன் அட்டையில் போட்டிருக்கிற நேரம்தான் கணக்கு. அதைத் தாண்டித் தெரிகிற கோட்டை நம்ப வேண்டாம். ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றால் முதல் போன் வேன் டிரைவருக்குப் போகட்டும். மறுநாள் விடியற்காலையில் அவர் வேறொரு குடும்பத்தை ஏற்றக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

வணக்கம்.