சுக்கு டப்பாவுக்குள்ள வண்டு! காய வெச்ச மூலிகை எத்தனை நாள் தாங்கும்?

வணக்கம்ங்க. இன்னைக்கு வேற வீடியோ போடலாம்னு இருந்தேன். காலைல சுக்குக் காப்பிக்கு டப்பாவைத் திறந்தேன், திட்டமே மாறிப்போச்சு. இருங்க, பக்கத்துல காட்டறேன். அடியில மாவாட்டம் கொட்டிக் கிடக்குதா? சுக்குல குண்டூசி குத்தின மாதிரி ஓட்டை. லேசா தட்டினா... இந்தா, வந்துட்டாரு. எள்ளளவு, செம்பழுப்பு வண்டு. சுக்கு மட்டும் இல்லைங்க, மல்லி, மிளகா, மஞ்சள் எதையும் விடமாட்டாரு.

தப்பு என்னோடதுதான். வாங்கிட்டு வந்த பொட்டலத்தை அப்படியே பழைய சுக்கு மேல கொட்டிட்டேன். முட்டை பொட்டலத்தோடவே வந்திருக்கும். இப்பெல்லாம் எது வாங்கினாலும் கவர்ல இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசர்ல போட்டுடறேன். வெளிய எடுத்ததும் பிரிச்சுடாதீங்க. ஜில்லுன்னு இருக்கும்போது திறந்தா காத்துல இருக்கற ஈரமெல்லாம் அது மேல வேர்த்து ஒட்டிக்கும். குளிர் அடங்கட்டும், அப்புறம் பிரிங்க.

எங்க அமிச்சி, அதான் அம்மாவோட அம்மா, சுண்ணாம்பு பூசின சுக்குதான் வாங்குவாங்க, வண்டு சீக்கிரம் அண்டாது. டப்பாவுல ஒரு துண்டு வசம்பும் கிடக்கும். சுக்குக்குத் தோல்தான் நஞ்சு, கடுக்காய்க்குக் கொட்டைதான் நஞ்சும்பாங்க, அதனால சீவிட்டுத்தான் தட்டுவாங்க. சுண்ணாம்பும் தோலோட போயிடும்.

சரி, எத்தனை நாள் தாங்கும்? வேர், பட்டை, காய் மாதிரி கெட்டியானது முழுசா இருந்தா ரெண்டு வருஷம் தாராளமா போகும். இலை, பூவெல்லாம் ஒரு வருஷம். இந்தப் பாட்டில் போன வருஷத்து ஆவாரம்பூ, ஜன்னலோரம் அழகா இருக்கட்டும்னு நான்தான் வெச்சேன். மஞ்சள் போய் வைக்கோல் நிறமாயிடுச்சு பாருங்க, வெயில் பட்ட பக்கம் மட்டும். குடிச்சா வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா அதுல ஒண்ணும் மிச்சமும் இல்ல. துளசிக்கு மூக்குதான் கணக்கு. உள்ளங்கையில வெச்சுக் கசக்குங்க, வாசம் வரலைன்னா அது வெறும் சருகு.

பொடி விஷயம் வேற. அரைச்ச நிமிஷத்துல இருந்து காத்து படற இடம் பல மடங்காயிடுது, வாசம் கொடுக்கற எண்ணெய் பறக்க ஆரம்பிச்சுடும். சித்த மருத்துவத்துல இதுக்குக் கணக்கே இருக்குதுங்க. குடிநீர்னா, அங்க கஷாயத்துக்குத்தான் அந்தப் பேரு, ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம்ங்கற பொடி 3 மாசம். எண்ணெய் ஒரு வருஷம். உலோகம், தாதுவெல்லாம் புடம் போட்டுச் செய்யற செந்தூரத்துக்கு 75 வருஷம், பற்பத்துக்கு 100 வருஷம்! நாம என்ன பண்றோம்? ஒரு கிலோ முருங்கை இலைப் பொடியை வாங்கி ஒண்ணரை வருஷம் ஓட்டறோம். இலையா வெச்சுக்கிட்டு மாசத்துக்கு ஒரு கைப்பிடி அரைங்க, போதும்.

வீட்டுல காய வைக்கறவங்க நிழல்லயே காய வைங்க. காம்பை ஒடிச்சா பட்டுன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குது. சந்தேகமா இருந்தா கண்ணாடிப் பாட்டில்ல போட்டு மூடி ஒரு ராத்திரி விடுங்க. காலைல உள்பக்கம் வேர்த்திருந்தா திரும்ப முறத்துல கொட்டிடுங்க. பூஞ்சணம் பிடிச்சுதுன்னா மட்டும் வெயில்ல வெச்சுத் தேத்திக்கலாம்னு நினைக்காதீங்க. அந்த விஷம் காய வெச்சாலும் போகாது, கொதிக்க வெச்சாலும் போகாது. குப்பைதான்.

அடுப்புக்கு மேல இருக்கற ஷெல்ஃப் கைக்கு வசதிதான், மூலிகைக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. இன்னொண்ணு, கொதிக்கற கஷாயத்துக்கு மேல டப்பாவைக் கவுத்துத் தட்டறது. ஆவி நேரா உள்ள போயிடும். நாலாவது நாளே பொடி கட்டி தட்டி நமுத்துடும். நானும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன், எங்க அத்தை பார்த்துத் திட்டினாங்க.

ஆவாரம்பூவைச் செம்பருத்தித் தொட்டியில கொட்டிட்டேன். சுக்கு டப்பாவைக் கழுவி வெயில்ல கவுத்தாச்சு, தேதி எழுதி ஒட்டப் பிளாஸ்திரியும் வெட்டி வெச்சிருக்கேன். இப்பப் பக்கத்துல இருந்த மஞ்சள் டப்பா. திறக்கவே பயமா இருக்குதுங்க... அட, இங்கயும் ரெண்டு பேர் குடித்தனம் நடத்தறாங்க.