போரின் நடுவே ஒரு சக ஆய்வாளர்

நேயர்களுக்கு வணக்கம்.

போரில் சிக்கிய பேராசிரியர்களுக்கு உதவுவது என்றதும், அவர்களை எப்படியாவது வெளியே அழைத்து வருவதுதான் பலருக்கும் தோன்றுகிறது. இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1933-இல் நாஜி ஆட்சி யூதப் பேராசிரியர்களைப் பதவியிலிருந்து துரத்தியபோது, பிரிட்டனில் பொருளாதார அறிஞர் வில்லியம் பெவரிட்ஜ் முன்நின்று ஓர் உதவிக் குழுவை உருவாக்கினார். இயற்பியலாளர் ரூதர்ஃபோர்ட் அதன் தலைவரானார். அந்த அமைப்பு இன்றும் ‘காரா’ என்ற பெயரில் இயங்குகிறது. 1999-இல் சிகாகோவில் தொடங்கிய ‘ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க்’ என்ற அமைப்பு செய்வதும் இதைப் போன்ற பணிதான். பல உயிர்களைக் காத்த வேலை இது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வெளியேற முடிகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். வயதான பெற்றோர், மூடிய எல்லை, கிடைக்காத விசா என்று தடைகள் பல. மாணவர்களை விட்டு வர மனமில்லாதவர்களும் உண்டு. காஸாவின் இஸ்லாமியப் பல்கலைக்கழகம் 2023 அக்டோபரில் குண்டுவீச்சுக்கு உள்ளானது. அதன் தலைவராக இருந்த இயற்பியலாளர் சுஃப்யான் தாயே அந்த டிசம்பரில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே அங்குள்ள பல்கலைக்கழகங்கள் இணையவழியில் பாடங்களை மீண்டும் தொடங்கின. 2024 மே மாதம் காஸா கல்வியாளர்கள் உலகுக்கு எழுதிய திறந்த மடலில், எங்கள் பல்கலைக்கழகங்களை மீண்டும் கட்டியெழுப்பத் துணை நில்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

அங்கேயே இருப்பவரோடு சேர்ந்து ஆய்வு செய்வது எப்படி? முதலில் நம் அவசரத்தைக் குறைக்க வேண்டும். மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போதுதான் அவருக்கு வேலை நேரம். நாம் வைக்கும் காணொளிக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை என்றால் அது அக்கறையின்மை இல்லை. பெரிய கோப்புகளுக்குப் பதில் வெறும் எழுத்தாக அனுப்பினால் மெலிந்த இணைப்பிலும் போய்ச் சேரும். அப்புறம், ஒவ்வொரு மடலையும் இரக்கத்தோடு தொடங்காதீர்கள். மின்சாரம் இருக்கும் அந்த ஒரு மணி நேரமாவது, கட்டுரையின் அட்டவணை மூன்றில் உள்ள பிழையைப் பற்றிச் சண்டை போடத்தான் பலர் விரும்புகிறார்கள்.

தரவு விஷயம் இன்னும் சிக்கலானது. வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் சர்வதேச அமைப்பான இகார்டா, சிரியாவில் அலெப்போ அருகே வைத்திருந்த விதை வங்கி நல்ல உதாரணம். அங்கிருந்த விதைகளில் பெரும்பகுதியின் இரட்டைத் தொகுப்பு முன்கூட்டியே நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் உள்ள உலக விதைப் பெட்டகத்துக்குப் போயிருந்தது. போரால் அலெப்போ வங்கி எட்டாக்கனியானதும், 2015-இல் அந்தப் பெட்டகத்திலிருந்து முதன்முதலாக விதைகள் வெளியே எடுக்கப்பட்டன. லெபனானிலும் மொராக்கோவிலும் அவை மீண்டும் பயிரிடப்பட்டன. விதைக்கு நகல் எடுத்து வைப்பது காப்பு. மனிதர்களின் நேர்காணலுக்கு நகல் எடுத்தால், அதுவே பேசியவரைக் காட்டிக்கொடுக்கலாம். ஒரு புகைப்படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு கூட ஆபத்துதான். எதை அனுப்பலாம், எதை அழிக்க வேண்டும் என்பதை அங்கே இருப்பவர் முடிவு செய்யட்டும், வெளியே பத்திரமாக உட்கார்ந்திருக்கும் நாம் அல்ல.

எனக்குக் கோபம் வருவது ஒரு வழக்கத்தைப் பார்க்கும்போது. களத்தில் உயிரைப் பணயம் வைத்துத் தகவல் திரட்டியவர் கட்டுரையின் கடைசியில் நன்றியுரையில் ஒரு வரியாக நிற்பார். ஆசிரியர் பட்டியல் முழுக்க வெளிநாட்டுப் பெயர்கள். கேள்வியை வடிவமைக்கும்போதே அவரைச் சேர்த்துக்கொண்டால் இது நேராது. அவருடைய பல்கலைக்கழகத்தின் பெயரையும் அப்படியே போட வேண்டும், கட்டடம் இடிந்திருந்தாலும் சரி. 2014-இல் உக்ரைனின் தோனெத்ஸ்க் பல்கலைக்கழகம் வின்னித்சியா நகருக்கு இடம்பெயர்ந்து, தோனெத்ஸ்க் என்ற பெயரை விடாமல்தான் தொடர்ந்தது. பெயரைப் போடுவதே ஆபத்து என்று அவர் சொன்னால் மட்டும் அதை விட்டுவிடலாம். அந்த உழைப்பை வேறு எப்படிப் பதிவு செய்யலாம் என்று அவரோடு பேசி முடிவெடுங்கள்.

பணம் அனுப்புவது தனித் தலைவலி. பொருளாதாரத் தடையுள்ள நாடு என்றால் வங்கி கைவிரித்துவிடும், நிதி கொடுத்தவரோ ஒவ்வொரு செலவுக்கும் ரசீது கேட்பார். பீரங்கிக் குண்டு விழும் ஊரில் ரசீது எங்கே கிடைக்கும்? விண்ணப்பம் எழுதும்போதே இதை நிதி அளிப்பவரிடம் பேசிவிட வேண்டும்.

பெரிய திட்டம் எதுவும் கையில் இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஆய்வேட்டை முடித்துவிட்டு, மதிப்பிட ஆள் கிடைக்காமல் காத்திருக்கும் மாணவர்கள் இந்த நாடுகளில் இருக்கிறார்கள். உங்கள் துறையில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று அங்குள்ள ஒரு பேராசிரியருக்கு எழுதிக் கேளுங்கள். வாய்மொழித் தேர்வைத் தொலைபேசியிலேயே நடத்தலாம், நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடி அழைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நன்றி, வணக்கம்.