இங்கிலீஷும் கேள்வி ஞானம்தான்

நேயர்களுக்கு வணக்கம். இந்நேரம் சிலர் அடுப்படியில் இருப்பீர்கள், சிலர் மோட்டார் கொட்டகையில் ரேடியோவை வைத்துவிட்டு வயலில் இறங்கியிருப்பீர்கள். கைவேலையை நிறுத்த வேண்டாம், காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தால் போதும். நான் இன்றைக்குப் பேச வந்திருப்பதும் காதைப் பற்றித்தான்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்கால வேளையில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இங்கிலீஷ் பழக்கிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: "படிச்சா புரியுது சார், பேச்சுதான் வரமாட்டேங்குது." பன்னிரண்டு வருஷம் பாடமாகப் படித்தவர்கள் இவர்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. நாம் அந்த மொழியை முழுக்க முழுக்கக் கண்ணால் படித்தோம், கையால் எழுதினோம், பரீட்சையில் மார்க்கும் வாங்கினோம், ஆனால் அதன் சத்தம் நம் காதில் விழவே இல்லை.

எனக்கு 22 வயதில் சென்னையில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. எதிரே இருந்தவர் ஏதோ கேட்டார், என் காதில் "வாடிஜூடூ" என்று விழுந்தது. மறுபடி சொல்லச் சொன்னேன், மறுபடியும் அதேதான். மூன்றாம் முறை அவர் பேப்பரை மூடிவிட்டு "ஓகே, தேங்க் யூ" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் புரிந்தது, அவர் கேட்டது "வாட் டிட் யூ டூ ஆஃப்டர் காலேஜ்". எழுதிக் காட்டியிருந்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளை பதில் சொல்லிவிடும். அந்த நாலு சொல்லும் எனக்குத் தெரியும், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தால் எப்படிக் கேட்கும் என்பதுதான் தெரியாது. அதை யாருமே எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு.

இத்தனைக்கும் நாம் காதால் கற்கத் தெரியாத ஊர்க்காரர்கள் இல்லை. தவில் கற்க வரும் பிள்ளைக்கு முதலில் வாயில்தான் பாடம், தத்தித்தொம்நம் என்று சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறிய பிறகுதான் அது கைக்கு இறங்கும். பாட்டும் அப்படித்தான், குரு ஒரு வரி, சிஷ்யன் ஒரு வரி. கேள்வி ஞானம் என்று இதற்கு அழகாக ஒரு பேரே வைத்திருக்கிறோம். சங்கீதத்துக்கு வைத்த வழியை இங்கிலீஷுக்கு ஏன் வைக்கவில்லை?

தரங்கம்பாடிக்கு 1706-ல் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்ற கதையை நான் எல்லாரிடமும் சொல்வேன். வளர்ந்த மனுஷன், திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். சாயங்காலம் கண் களைத்துப் போனால் ஒருவரைத் தமிழ் நூல் வாசிக்கச் சொல்லி உட்கார்ந்து கேட்பாராம். ஒரே நூலைச் சில சமயம் நூறு தடவைகூடக் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார், அதில் தனக்குத் தெரியாத, தன்னால் அப்படியே சொல்ல முடியாத ஒரு சொல்லும் மிச்சமில்லாமல் போகும் வரைக்கும். நூறு நூலை ஒரு தடவை கேட்பதைவிட இது மேல் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. செல்போனில் நாளுக்கு ஒரு புது வீடியோவாகத் தள்ளிக்கொண்டே போகிற பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதைத்தான்.

சரி, எதைக் கேட்பது? பிபிசி 1943-லிருந்தே வானொலி வழியாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வருகிறது. இப்போது அவர்களுடைய சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் என்ற நிகழ்ச்சி இலவசமாகவே கிடைக்கிறது, பேசுவது முழுவதும் எழுத்திலும் இருக்கும். அதில் ஒன்றை எடுங்கள், ஒரு வாரம் அந்த ஒன்றே போதும். முதல் இரண்டு நாள் எழுத்தைப் பார்க்காமல் கேட்பது, மூன்றாம் நாள் எழுத்தோடு சேர்த்துக் கேட்டு எந்த இடத்தில் காது ஏமாந்தது என்று பார்ப்பது, அதற்கப்புறம் அவர்கள் பேசப் பேச அரை நொடி பின்னால் நாமும் கூடவே பேசுவது. இந்தக் கடைசிக்கு ஷேடோயிங் என்று பேர், நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே போவது. பேரளத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் காலேஜுக்குப் போகும் ஒரு பெண், ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்தபடியே போகும். யாராவது பார்த்தால் சாமி பாட்டு முணுமுணுக்கிறது என்றுதான் நினைப்பார்கள். மூன்று மாதத்தில் அதன் பேச்சில் ஏற்ற இறக்கமே மாறிவிட்டது.

அந்த ஏற்ற இறக்கம்தான் நமக்கு முக்கியமாகத் தடுக்கிற இடம். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் அதற்குரிய மரியாதை உண்டு. இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குள் ஒரு இடத்தை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடுவார்கள். 'கம்ஃபர்டபிள்' என்று நாம் நிறுத்தி நிதானமாகச் சொல்வது அவர்கள் வாயில் 'கம்ஃப்டபிள்'. 'டெவலப்மென்ட்' என்பதில் நாம் 'டெ'யை அழுத்துகிறோம், அவர்கள் அழுத்துவது 'வெ'யை. புதுச் சொல் ஒன்று படித்தால் அர்த்தத்தோடு அழுத்தம் எங்கே என்றும் சேர்த்து எழுதி வையுங்கள். அப்புறம், காஃபிக்கும் நகலுக்கும் நாம் ஒரே மாதிரி காப்பி என்கிறோம். மேல்பல்லைக் கீழுதட்டில் லேசாக வைத்துக் காற்றை விட்டால் குடிக்கிற காஃபி, இரண்டு உதட்டையும் ஒட்டித் திறந்தால் ஜெராக்ஸ் கடைக் காப்பி. கண்ணாடி முன்னால் பத்து தடவை சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

வானொலியில் இன்னொரு வசதி. முதலில் தமிழ்ச் செய்தியைக் கேளுங்கள், அதே நாள் ஆங்கிலச் செய்தியையும் கேளுங்கள். என்ன நடந்தது என்று முன்னமே தெரிந்திருப்பதால் காது பதறாது, சொற்களைப் பிடிக்க அதற்கு அவகாசம் கிடைக்கும்.

வாசிப்பு பற்றிக் கொஞ்சம். "ஹிண்டு படி, இங்கிலீஷ் தானா வரும்" என்று கேட்டு வளராத வீடு இந்தப் பக்கம் குறைவு. 1878-ல் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் நம் திருவையாற்று ஜி. சுப்பிரமணிய ஐயர், அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் தொடக்கத்திலேயே தலையங்கத்தில் போய் விழ வேண்டாம். அகராதி இல்லாமல் சிரமப்படாமல் படிக்க, நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. வரிக்கு மூன்று சொல்லை அடிக்கோடு போட்டுப் படிப்பது வாசிப்பே இல்லை, களை எடுக்கிற வேலை. கிரிக்கெட் தெரிந்தால் விளையாட்டுப் பக்கம், இல்லாவிட்டால் குழந்தைகள் கதைப் புத்தகம். வயது பார்க்காதீர்கள், நிறையப் படியுங்கள்.

பேச்சுக்கு வருவோம். யாரோடு பேசுவது என்கிறார்கள். வீட்டில் ரெண்டு வார்த்தை இங்கிலீஷில் பேசினால் "பீட்டர் விடுறான் பாரு" என்று நாமே பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகிறோம். தயவுசெய்து அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை திக்கித் திணறி ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டியிருக்கிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பேசப் பழகும்போது நமக்கு நன்றாகத் தெரிந்ததைப் பேச வேண்டும். லண்டன் பாலத்தைப் பற்றி எதற்கு? ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறப்பதிலிருந்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் வரை நடப்பதை, குறுவைக்கும் தாளடிக்கும் உள்ள வித்தியாசத்தை, வெளியூர்க்காரர் ஒருவருக்குச் சொல்வதாக நினைத்துச் சொல்லுங்கள். செல்போனில் பதிவு செய்யுங்கள். முதலில் நாலு நிமிஷம், அதே விஷயத்தை அடுத்து மூணு நிமிஷத்தில், அப்புறம் ரெண்டு நிமிஷத்தில். ஒவ்வொரு தடவையும் தயக்கம் உதிரும், வாக்கியம் தானாக இறுகி வரும்.

அந்தப் பேரளத்துப் பெண்ணின் மூன்று பதிவுகளும் என் போனில் இருக்கின்றன. முதல் பதிவில் "கடைமடை" என்ற இடத்தில் நின்றுவிட்டு, "சார், இதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று தமிழில் கேட்கும் குரல் இருக்கிறது. மூன்றாவதில் நிற்கவில்லை. "அவர் வில்லேஜ் இஸ் அட் தி டெயில் எண்ட். தி வாட்டர் கம்ஸ் டு அஸ் லாஸ்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறது. பின்னால் ரயில் சத்தமும் கேட்கிறது.

நன்றி, வணக்கம்.