எலும்பு முறியவில்லை, சரி. வலி ஏன் போகவில்லை?

வணக்கம் நேயர்களே. கீழே விழுந்து முட்டியில் அடிபட்டு வாரக்கணக்கில் அவதிப்படுபவர்கள், உட்கார்ந்ததும் எக்ஸ்ரேயைத்தான் நீட்டுவார்கள். "எலும்பு நல்லா இருக்குன்னுட்டாங்க, அப்புறம் ஏன் சார் வலிக்குது?" நியாயமான கேள்விதான். ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும் அளவுக்கு மற்றவை தெரியாது.

முழங்கால் சில்லுக்கும் தோலுக்கும் நடுவே பர்சா என்று ஒரு மெல்லிய பை இருக்கிறது. தோல் எலும்பில் உரசாமல் வழுக்கிப் போவதற்காக, உள்ளே துளி வழவழப்பான நீர். முட்டி நேராகத் தரையில் மோதினால் அந்தப் பைக்குள் ரத்தமோ நீரோ கோத்து, சுவர் தடித்துப்போகும். இதுதான் பர்சைடிஸ். சில்லின் மேலேயே மெத்தென்று வீங்கியிருக்கும், கால் ஓரளவு நன்றாகவே மடங்கும், ஆனால் மண்டியிட்டால் உயிர் போகும்.

பெரும்பாலும் இது தானாகவே அடங்கிவிடும், நாம் விட்டால்! வலி கொஞ்சம் குறைந்ததும் மறுபடி மண்டியிடுவது, வீக்கத்தை அழுத்தித் தேய்ப்பது, இதெல்லாம்தான் அதை இழுத்தடிக்கிறது. ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளில் சில முறை வையுங்கள். இறுக்காமல் கிரேப் பேண்டேஜ் கட்டலாம். வலி மாத்திரை வேண்டுமானால், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அதற்காகக் காலை அசைக்காமலே வைத்திருப்பதும் தப்பு. தொடையின் முன்தசை சீக்கிரம் இளைத்துவிடும், பிறகு படி இறங்கும்போது முட்டிதான் திணறும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதைக் கீழே அமுக்கி 5 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். பத்து முறை போதும். சில்லுக்கு மேலே தொடை இறுகுவது கைக்கே தெரியும்.

வலி முட்டியின் உள்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தால் அங்கேயும் ஒரு பர்சா உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். முட்டி பூட்டிக்கொள்கிறது, நடக்கையில் மடங்கி விழப் பார்க்கிறது என்றால் ஜவ்வு அடிபட்டிருக்கலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.

ஒன்றில் மட்டும் காத்திருக்காதீர்கள். தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால், அதுவும் விழுந்தபோது சிராய்த்திருந்தால், பைக்குள் கிருமி போயிருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஊசியால் நீரை எடுத்துப் பரிசோதித்து, ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். வீக்கத்தைக் குறைக்கப் போடும் ஸ்டீராய்டு ஊசி, கிருமி இல்லை என்று தெரியும்வரை வேண்டாம்.