ஆக்சலாட்டல் குஞ்சு: முதல் இரண்டு அங்குலம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆக்சலாட்டல் என்பது தண்ணீரிலேயே வாழும், பல்லி போன்ற உருவமுள்ள, தவளைக்குத் தூரத்து உறவான ஓர் உயிரினம். அதன் முட்டையைப் பொரிக்கவைப்பது பெரிய வித்தையில்லை. அதற்குப் பிந்தைய முதல் மாதம்தான் ஆளைச் சோதிக்கும். குஞ்சுக்கு 18 டிகிரி குளிர் வேண்டும், அது தின்னும் தீனிக்கோ 28 டிகிரி சூடு வேண்டும். நம் ஊர் வெயிலில் இரண்டாவது சும்மா கிடைக்கும், முதலாவதற்குச் சில்லரோ (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) ஏ.சி. அறையோ இல்லாமல் முடியாது.

மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் இதன் பூர்வீகம். அங்கே அழியும் விளிம்பில் இருக்கிறது. சைட்டீஸ் எனும் சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். இந்தியாவில் வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு பெண் ஒரே தடவையில் சில நூறு முட்டை இடும். இருபது முப்பதுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். மிச்சத்தைக் கரு வளருமுன் ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வெளுத்துப்போன முட்டையைத் தினமும் பொறுக்குங்கள், விட்டால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும். இரண்டு, மூன்று வாரத்தில் பொரியும்.

பொரிந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர் இருக்கும். இரண்டு மூன்று நாள் மஞ்சள்கருவே அதற்குப் போதும். பிறகு உயிருள்ள, அசைகிற தீனி மட்டும்தான். அசையாததை அது உணவாகவே எண்ணாது. தூள் தீனி போட்டால் குஞ்சு பட்டினி கிடக்கும், தண்ணீர்தான் கெடும்.

அதற்குத்தான் ஆர்ட்டீமியா, உப்புநீரில் வாழும் இறால் போன்ற மிகச் சிறிய உயிரி. இறால் பொரிப்பகங்களில் புழங்கும் அதே முட்டைதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் இல்லாத உப்பு, அரை டீஸ்பூன் முட்டை, அடியிலிருந்து ஏர் பம்ப், மேலே விளக்கு. 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் கீழே சேரும். அவற்றை மட்டும் குழாயில் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். அலசாவிட்டால் உப்பும் சேர்ந்து போகும். தினமும் புதிதாக வேண்டுமென்பதால் இரண்டு பாட்டிலை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

குஞ்சின் வயிறு கண்ணாடி மாதிரி. தின்றிருந்தால் ஆரஞ்சாகத் தெரியும். தீனி போட்டு ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், யார் சாப்பிடவில்லை என்று எண்ணியே சொல்லிவிடலாம்.

நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும், அழுகி அம்மோனியா ஏறும். அதனால் ஃபில்டர் இல்லாத ஆழம் குறைந்த டப்பாக்கள், தினமும் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றம். மாற்றும் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே குளிரில் இருக்கட்டும்.

தவளைக்கு நேர்மாறாக இதற்கு முன்னங்கால்தான் முதலில் முளைக்கும். அப்போதே கடி தொடங்கிவிடும்: பக்கத்தில் எது அசைந்தாலும் தீனிதான், அண்ணன் கால் உட்பட. பெரிதைப் பிரித்து வையுங்கள், பசியில் விடாதீர்கள். இரண்டு அங்குலம் ஆனதும் நறுக்கிய மண்புழுவுக்குப் பழகும்.

கால் போன குஞ்சைத் தூக்கிப் போட வேண்டாம். தனி டப்பா, குளிர்ந்த சுத்தமான தண்ணீர், வழக்கமான தீனி. சில வாரத்தில் விரலோடு முளைத்துவிடும்.